நூற்றுப் பதின்மூன்றாம் ஆண்டு பிப்ரவரி 29

காலை ஒன்பது பதினேழு. தைவானின் தைனான் நகரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். சின்ஹுங் முட்டைச் சுருளை மென்றுகொண்டே தொலைபேசியை எடுத்தான். விருந்து மண்டபத்துக்காரி கோ அக்கா. இன்னும் ஐந்து வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். விருந்து அவள் மண்டபத்தில்தான். அங்கே முன்பதிவுக்கு ஓடும் நிரலும் இந்த அலுவலகத்தில் எழுதியதுதான்.

“தம்பி, முப்பது மேசையை முப்பத்திரெண்டாக்கச் சொன்னியே, உங்க மிஷின் அப்படி ஒரு தேதியே கிடையாதுங்குது.”

“என்ன தேதி போட்டீங்க?”

“நூத்திப்பதிமூணு, ரெண்டு, இருபத்தொம்போது. பத்திரிகைல அதான இருக்கு? நேத்து வரைக்கும் எதைப் போட்டாலும் வாங்கிக்கிச்சு.”

சின்ஹுங் எதிர் மேசையைப் பார்த்தான். பெய்யின் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இல்லாத தேதியை நிரல் ஏற்கக் கூடாது என்று முந்தின நாள் அதில் ஒரு சோதனை சேர்த்தவள் அவள்.

“உன் வேலைதான? எடுத்துடு. என் கல்யாணத்துல விளையாடாத.”

“மாட்டேண்ணே. இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொம்போது உண்டு. ஏன் இல்லைங்குதுன்னு பாருங்க.”

பார்த்தான். முட்டைச் சுருளைக் கீழே வைத்தான். ஊரில் எல்லோரும் எழுதுவது குடியரசு ஆண்டு. 1911-ஐக் கூட்டினால்தான் 2024. நிரல் கூட்டவே இல்லை. அதற்கு இது கி.பி. 113. அந்த பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள்.

“இதை எழுதின மகராசன் யாருண்ணே?”

“நான்தான்.”

கூட்டினான். தேதி நுழைந்தது. அவன் சிரித்தான். பெய்யின் சிரிக்கவில்லை.

“நீங்க செப்டம்பர்ல மண்டபம் பதிஞ்சப்போ இந்தச் சோதனை கிடையாதே. மிச்சமான ஒரு நாளை அது எங்க தள்ளியிருக்கும்?”

பழைய பதிவைத் திறந்தான். மார்ச் 1. முப்பது மேசை. அவன் பெயர், மணப்பெண் பெயர், எல்லாம் சரி.

“முன்னூறு பேருக்குக் கேக் பெட்டியோட பத்திரிகை கொடுத்தாச்சு,” என்றான்.

“கவலைப்படாதீங்க. பூட்டின மண்டபத்து வாசல்ல நின்னு சாப்பிடுவாங்க.”

கணினியில் இருபத்தொன்பதாம் தேதி காலிதான். ஆனால் தொலைபேசியில் வரும் மற்றவர்களின் பதிவுகளைக் கோ அக்கா சுவர் நாட்காட்டியில் மட்டும்தான் எழுதுவாள். சின்ஹுங் விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் சமையலறையே சிரித்தது.

“அக்கா, சிரிச்சது போதும். சுவத்துல இருபத்தொம்போதாம் தேதிக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?”