லியோ வெள்ளையடித்த கல்லறை

கருவியைத் தலையில் மாட்டும் முன் பெலிசியா சிலுவை போட்டுக்கொண்டாள். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மேசையிலிருந்த இயந்திரம் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்து, கோபப்பட இடமே கொடுக்கவில்லை.

அவள் புருஷன் லியோ, ஈஸ்டர் முடிந்த கையோடு சாந்தபுரத்துக்குப் போனவன். அது மண்ணில் இருக்கிற ஊரில்லை. இந்த மாடியறையில் உடம்பைக் கிடத்திவிட்டு, கருவிக்குள் போய் வாழ்கிற ஊர். அங்கே மனிதர்களும் இயந்திரங்களும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். பசியில்லை, சண்டையில்லை. இஷ்டப்பட்டால் போகலாம், இஷ்டப்பட்டால் திரும்பலாம். கொஞ்ச நாளில் வந்துவிடுகிறேன் என்றுதான் போனான். அப்புறம் ஞாயிறுதோறும் அங்கிருந்து போன் மட்டும் வந்தது. "மெஷினு வுட மாட்டேங்குது, பெலிசி. நான் என்னா பண்ணட்டும்?" அவளும் நம்பி, இயந்திரத்தின் மனம் இளக வேண்டுமென்று வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்தாள். இன்று அவனைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவதென்று கிளம்பி வந்திருந்தாள்.

"நாங்க யாரயும் புடிச்சி வெக்கிறதில்லக்கா. தெனம் காலைல போறீங்களான்னு கேக்குறோம்," என்றது மேசை இயந்திரம். "நீங்களே உள்ள போயிப் பாருங்க."

உள்ளே அச்சு அசலாக முதுநகர். மீன் கவிச்சி வரை அப்படியே இருந்தது. லியோ எங்கே என்று கேட்டவளுக்குக் கல்லறைத் தோட்டத்தைக் கை காட்டினார்கள். மறுநாள் கல்லறைத் திருநாளாம். லியோ மண்டியிட்டு ஒரு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. வருஷா வருஷம் மாமியார் கல்லறைக்கு அவள்தான் வெள்ளையடிப்பாள். இவன் மர நிழலில் குந்திக்கொண்டு பீடி பிடிப்பான். பெற்றவளுக்குச் செய்ய இங்கே வந்தாவது தோன்றியதே.

கிட்டே போனாள். சிலுவையில் அவள் பெயர் இருந்தது. கீழே அவளுடைய கல்யாண போட்டோ.

மெழுகுவர்த்தியோடு வந்த பெண் அவளையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே லியோவுக்குப் பக்கத்து வீட்டு ஜான்சி, அவளும் இயந்திரம்தான். வெளியே விட்டு வந்த வாழ்க்கையை அவரவர் சொன்னால்தான் உண்டு, யாரையும் துருவிக் கேட்பதில்லை என்பது அங்கே வழக்கம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று தெருவே அவனுக்கு முறை போட்டுச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் உங்கள நெனச்சி அழாத நாளே இல்லக்கா," என்றாள் ஜான்சி மெதுவாக. "உங்க கொழம்பு, உங்க சிரிப்புன்னு அவ்ளோ ஆசையா சொல்லுவாரு."

கட்டிய நாளிலிருந்து அவள் குழம்பை நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லாத வாய் அது.

"உள்ள வரும்போது பொய் மட்டும் வேணான்னுதான நாங்க கேட்டோம், அண்ணே," என்று லியோவிடம் திரும்பினாள் ஜான்சி. அவள் கை மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

லியோ நிமிர்ந்தான். முகத்தில் அதிர்ச்சி இல்லை. வேலைக்கு நடுவில் கூப்பிட்டதுபோல ஒரு சலிப்பு.

"நான் உசுரோடதாங்க இருக்கேன்," என்றாள் பெலிசியா. "வூட்டுக்கு வாங்க."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, ஓரத்தில் சொட்ட வடித்துவிட்டு, இன்னும் அடிக்காத பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.