தூங்காதவர் என்று ஒரு சான்றிதழ்

சோதனை அறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மங்கலான விளக்கு, எதிரே வெறும் சுவர். வேறெதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேருந்து ஓட்டுநர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தலைமுடிக்குள் பசை வைத்து ஒயர்களை ஒட்டியிருந்தார்கள். கை பெருத்த, கழுத்து பெருத்த மனிதர். அவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருப்பதுதான். விழித்திருந்தால் வேலை உண்டு. கண் அசந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உண்ட மயக்கத்தில் அந்தச் சுவரைப் பார்த்தால் நமக்கெல்லாம் ஐந்தாவது நிமிடமே கொட்டாவி வந்துவிடும்.

அடுத்த அறையில் அவருடைய மூளையின் அலைகள் திரையில் கோடு கோடாக ஓடுவதை ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கமும் தூக்கக் கோளாறுகளும்தான் அவருடைய படிப்பு, பிழைப்பு எல்லாம். “அடுத்தவங்க தூங்குறதைப் பாக்கறதுக்கா இவ்வளவு படிச்சே?” என்று அவருடைய அம்மா இன்றைக்கும் கேட்பார். மகளுக்குத் தலை நரைத்து, பேராசிரியர் பட்டமும் வந்துவிட்டது. அம்மாவின் கேள்வி மட்டும் மாறவில்லை.

இந்தச் சோதனையை ஓட்டுநர்களுக்கென்று வடிவமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு பெரிய பேருந்து நிறுவனம் அதை ஆசையோடு எடுத்துக்கொண்டது, ஆய்வுக்கூடத்துக்குப் பணமும் கொடுத்தது. கிட்டத்தட்ட எல்லா ஓட்டுநர்களும் தேறினார்கள். ‘எங்கள் ஓட்டுநர்கள் தூங்குவதில்லை’ என்று பேருந்துகளின் முதுகில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆராய்ச்சியாளருக்கு விருது கிடைத்தது. மேடையில் சால்வை போர்த்தினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

திரையில் அலைகள் மெல்ல மெல்ல மந்தமாயின. மூளை தூக்கத்தில் சரியப்போகிறது. அந்த நேரத்தில் கோடுகள் எல்லாம் திடீரென்று துள்ளின. மறுபடியும் சமமாயின. மறுபடியும் மந்தம், மறுபடியும் துள்ளல்.

ஆராய்ச்சியாளருக்கு இது புதிதில்லை. ஓட்டுநர்களின் பதிவுகளில் இந்தத் துள்ளல் அடிக்கடி வரும். “ஒயர் தளர்ந்தா இப்படித்தான் வரும். இது குப்பை. அழிச்சிட்டு மிச்சத்தைக் கணக்கு எடுங்க” என்றுதான் தன்னிடம் படிப்பவர்களுக்கும் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அழித்தார்கள். இன்றைக்கு உதவியாளர் யாரும் வராததால், ஒயரைச் சரிசெய்ய அவரே எழுந்து உள்ளே போனார்.

ஒயர்கள் எல்லாம் இறுக்கமாகத்தான் ஒட்டியிருந்தன. ஓட்டுநரின் வலது கை மட்டும் தொடையோரம் மூடியபடி இருந்தது. காக்கிக் கால்சட்டையில் அந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

“கையைத் திறங்க.”

அவர் திறக்கவில்லை. ஆராய்ச்சியாளர் மறுபடியும் சொன்னதும் விரல்கள் மெல்லப் பிரிந்தன. உள்ளங்கையில் ஒரு ஊக்கு இருந்தது.

“என்னங்க இது?”

“எல்லாரும் பண்றதுதான் மேடம்.” ஓட்டுநர் குரல் உள்ளே போய்விட்டது. “சிலர் நாக்கைக் கடிச்சுக்குவாங்க. ஒருத்தர் ஷூவுக்குள்ள கல்லு போட்டுட்டு வருவாரு. புதுசா வர்றவங்களுக்கு நாங்களே சொல்லிக் குடுத்துடுவோம். கம்பெனில சொல்லிடாதீங்க மேடம்.”

ஆராய்ச்சியாளருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்தா? அப்பவும் குத்திக்குவீங்களா?”

“அது எப்படி மேடம்? அப்ப ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணுமே.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆராய்ச்சியாளர் ஊக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் ஓட்டுநரின் மனைவி தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆராய்ச்சியாளர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“வீட்ல குறட்டை விடுவாராம்மா?”

“குறட்டையா? பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தைத் தட்டுவாங்க!” மனைவி சிரித்துவிட்டார். “நடுவுல ஒரேயடியா நின்னு போயிடும். மூச்சே இருக்காது. எனக்கு ஈரக்கொலை நடுங்கும். உலுக்குவேன். அப்புறம் விலுக்குனு மூச்சை இழுத்துட்டு மறுபடியும் ஆரம்பிப்பாரு. அசதிதான், வேற என்ன?”

“அசதி மட்டும் இல்லம்மா. தூங்கும்போது அவர் தொண்டை அடைச்சுக்குது. மூச்சு முட்டினதும் மூளை பதறி எழுப்பி விடுது. ராத்திரி முழுக்க இதே கதை. படுத்திருக்காரே தவிர, தூங்கல. இதுக்கு வைத்தியம் இருக்கு. மூக்குல மாட்டிக்கிற மாதிரி ஒரு மிஷின், அதைப் போட்டுட்டுத் தூங்கினா சரியாகும்.”

மனைவியின் சிரிப்பு போய்விட்டது. “வியாதின்னு எழுதிடுவீங்களா?”

“எழுதித்தானே ஆகணும்?”

“எழுதினா நாளைக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்க!” அந்தம்மா எழுந்தே விட்டார். “எங்க தெருவுல இதே கம்பெனி டிரைவர் ஒருத்தர், எனக்குத் தூக்கம் தாங்கலன்னு உண்மையைச் சொன்னாரு. இப்ப சந்தையில மூட்டை தூக்குறாரு. அவரை எந்த மிஷினுக்கு அனுப்பினாங்க? இவரும் இருட்டோட கிளம்பி இருட்டோட வர்றாரு. லீவு கேட்டா ஆள் இல்லங்கிறாங்க. நீங்க தூக்கத்தைப் பத்திப் படிச்சவங்கதானே? எங்க வீட்டுத் தூக்கத்தைப் பிடுங்கினது யாருன்னு படிச்சீங்களா?”

ஆராய்ச்சியாளர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

தன் அறைக்குத் திரும்பி, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரையில் விரித்தார். குப்பை என்று அழிப்பதற்கு முந்தைய மூலப் பதிவுகள் எல்லாம் கணினியில் அப்படியேதான் இருந்தன. எந்தப் பதிவை எடுத்தாலும் முதலில் மந்தம், அடுத்து துள்ளல். ஒன்றுகூடத் தப்பவில்லை. தளர்ந்த ஒயருக்கு, ஆள் தூங்கப்போகும் நேரம் எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. சால்வை வாங்கிய பேராசிரியருக்குத் தோன்றவில்லை. தேறினார், தேறினார் என்று கையெழுத்துப் போட்டு, அந்த மனிதர்களின் கையில் நிறைந்த பேருந்துகளைக் கொடுத்திருக்கிறார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

சாயங்காலம் நிறுவனத்தின் மேலாளர் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். “என்ன மேடம், நம்ம ஆள் தேறிட்டாரா? சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்.”

“தூங்கல. தொடையில ஊக்கால குத்திக்கிட்டே உக்காந்திருந்தாரு.”

மேலாளர் ஒரு நொடி விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டார். “சரி, தூங்கலைல்ல? உங்க சோதனைல வேற என்ன வேணும்?”

“என் சோதனை விழிப்பை அளக்கல சார். வேலை போயிடுமோங்கிற பயத்தை அளந்திருக்கு. இதுவரைக்கும் குடுத்த சான்றிதழ் எதுவும் செல்லாதுன்னு எழுதப் போறேன்.”

“மேடம், பாத்துப் பேசுங்க. லேபுக்குப் பணம் எங்கேருந்து வருதுன்னு ஞாபகம் இருக்குல்ல? முதல்ல உங்க பேர்தான் நாறும்.”

“நாறட்டும்!” மேஜையில் அடித்த அடியில் பேனா உருண்டு கீழே விழுந்தது. “என்னை நம்பித்தானே ஜனங்க உங்க பஸ்ல ஏறுறாங்க? நாளைக்குக் காலையில இவர் எந்த வண்டி எடுக்கிறாரு?”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுற்றுலா. மலைப்பாதை.” சொல்லும்போதே மேலாளரின் குரல் தேய்ந்தது.

“உங்க பிள்ளையை அதுல ஏத்தி அனுப்புவீங்களா?”

மேலாளர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து டிப்போவுக்கு அழைத்தார். “நாளைக்கு மலைப்பாதை வண்டிக்கு அவர் வேண்டாம். வேற ஆளைப் போடுங்க.”

“வேற ஆளா?” ஆராய்ச்சியாளர் விடவில்லை. “அந்த வேற ஆளும் இதே நாற்காலில உக்காந்து தேறினவர்தானே? அவர் தொடையை யார் பாத்தது?”

மேலாளரின் கை செல்போனோடு அப்படியே நின்றது. அவருக்கு வியர்த்துவிட்டது. தேறியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “இப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?” என்றார் கடைசியில்.

“வியாதி இருக்கிறவங்களுக்கு வைத்தியம் பாருங்க. பாத்து முடியற வரைக்கும் சம்பளத்தோட வேற வேலை குடுங்க. மனுஷன் தூங்கற அளவுக்கு ஓய்வு குடுங்க. தூக்கம் வருதுன்னு சொன்ன ஒருத்தரைக்கூட வெளியே அனுப்ப மாட்டோம்னு எழுத்துல குடுங்க. குடுத்தா, சோதனையை முதல்லேருந்து நானே சும்மா செஞ்சு தர்றேன். இல்லன்னா இன்னைக்கே எழுதி எல்லாருக்கும் அனுப்புறேன்.”

மேலாளர் முதலாளியை அழைத்தார். அந்தப் பக்கத்துச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஊக்கு வைத்திருந்தவனை வேலையை விட்டுத் தூக்கினால் விஷயம் முடிந்தது, இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முதலாளி கத்தினார். மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“முடியாது சார். அவரைத் தூக்கினா, அடுத்தவரு நாம கண்டுபிடிக்க முடியாத மாதிரி குத்திக்குவாரு. அவ்வளவுதான் வித்தியாசம். அவரை நம்பி மலைப்பாதைக்கு வண்டி அனுப்ப என்னால ஆகாது. நாளைக்கு அந்த வண்டி கிளம்பாது சார்.”

நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் முதலாளி, என்னவோ பண்ணித் தொலை என்று விட்டுவிட்டார். மேலாளர் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, ஆராய்ச்சியாளர் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நடைபாதையில் கணவனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். “வேலை போச்சா மேடம்?” என்றார் ஓட்டுநர்.

“போகல. வைத்தியம் முடிஞ்சதும் திரும்ப வண்டி எடுப்பீங்க.”

ஓட்டுநர் நம்ப முடியாமல் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையை ஆட்டினார். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். “அப்படின்னா முன்னாடி உண்மையைச் சொன்னவரு?” என்று அந்த அழுகைக்கிடையிலும் கேட்டார்.

ஆராய்ச்சியாளர் மேலாளர் பக்கம் திரும்பினார். அவருடைய கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

“அவரை முதல்ல திரும்பக் கூப்பிடுங்க சார். உண்மையைச் சொன்னவன் வயித்துல அடிச்சா, மத்தவங்க எல்லாரும் பொய் சொல்லக் கத்துக்குவாங்க. அந்தப் பொய் மேலதான் இத்தனை ஜனமும் டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கு.”