வாய் தேடி வந்த மொழி

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண் ஒரு செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மரப்பு ஊசி தெளிந்ததும், ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒரு மொழியில் தண்ணீர் கேட்டாள். குரல் அவளுடையதுதான். கேட்டுவிட்டுக் கன்னத்தை அழுத்திக்கொண்ட கையும் அவளுடையதுதான். சொற்கள் மட்டும் வேறு யாருடையவோ. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன் பல் டாக்டருக்கு போன் போட்டான். ஊசி சிலருக்கு நாக்கைக் கொஞ்சம் குழப்பும், விடிந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். விடிந்தது, சரியாகவில்லை. மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே வேறொரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தவளைப் போல இருந்தது அவள் முகம். அழுதாள். அழுகைக்கு நடுவே சொன்ன சொற்களும் அந்த மொழியாகவே இருந்ததால் அழுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது ஒலிபெருக்கியிலும் அதுவே வந்தது. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சண்டைக்கு வந்தார்கள். ஆனால் உண்மையிலேயே அவசரமாகப் போகவேண்டியவர்கள், ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கிறவர்கள், பரீட்சைக்கு நேரமாகிவிட்டவர்கள், சரியான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். எப்படிப் புரிந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் குறைந்திருந்தது. தையற்காரி ஒருத்திக்கு ‘நூல்’ போயிற்று. கடை வாசலில் நின்று, எதிரே தொங்கிய நூற்கண்டுகளை எந்தப் பெயர் சொல்லிக் கேட்பதென்று தெரியாமல் விரலால் காட்டினாள். மருந்துக்கடைக்காரருக்கு ‘நாளைக்கு’ போயிற்று. போன இடம் காலியாக இருந்திருந்தால் மறதி என்று தேற்றிக்கொண்டிருக்கலாம். அங்கே புதுச் சொல் ஒன்று குடிவந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. காதில் விழுவதால் ஒட்டாது, புரிந்தால்தான் ஒட்டும் என்று ஊர் கண்டுகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் பஞ்சு விலை இரண்டு மடங்கு ஏறியது. காதை அடைத்துக்கொண்டு தெருவில் போனவர்கள் சைக்கிள் மணி கேட்காமல் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். பஸ் நிலையத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய பதிவுகளை ஓடவிட்டார்கள். ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய், அம்மா பழைய மாதிரி ஊர்ப் பெயர்களைச் சொல்வதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். அப்பா தேடிவந்து கூட்டிப்போகும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

அவள் பேச்சைப் பதிவு செய்து எங்கோ அனுப்பியிருந்தார் பல் டாக்டர். அதைக் கேட்டுவிட்டு வெகுதூரத்திலிருந்து மொழி ஆய்வாளர் ஒரு பெண்மணி பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். அறிவிப்புக்காரி இரண்டு வாக்கியம் பேசியதுமே அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதைப் பேசின கடைசி ஆள் வலை பின்னுற ஒரு அம்மா,” என்றார். “கடலோரம், இங்கருந்து ரொம்ப தூரம். இவங்க பல்லைப் பிடுங்கின அதே செவ்வாய்க்கிழமை பகல்லதான் இறந்துபோனாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“அதுக்கு எங்க வீட்டுக்கு ஏன்மா வரணும்?” என்றான் கணவன்.

“வாய் மரத்துப்போய்க் காலியா இருந்திருக்கும். வேற காரணம் எனக்குத் தெரியலப்பா.”

“இது எதுவரைக்கும் போகும்?”

“அவங்க ஊருக்குள்ள ஒரு பெரிய மொழி வந்துச்சு. முதல்ல சந்தைக்கு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு. கடைசியா தாலாட்டுக்கு. அவங்களும் காதைப் பொத்தித்தான் பார்த்தாங்க.”

“அப்புறம்?”

தரையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மகளை ஆய்வாளர் ஒருமுறை பார்த்தார். பிறகு பதிவுக் கருவியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து லிஃப்ட்காரனைப் பயம் பிடித்துக்கொண்டது. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே சுவர், சாவி, சட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் முணுமுணுத்து, எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பான். அதற்குள் பள்ளிக்கூடம் மகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. குடியிருப்புச் சங்கச் செயலாளரும் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. எல்லார் வீட்லயும் பிள்ளைங்க இருக்கு. அந்தம்மா வெளிய வராம இருந்தாப் போதும்.”

“அவளுக்கு நோய் ஒண்ணும் இல்ல சார்.”

“நோயா இருந்தா மருந்து இருக்குமே தம்பி.”

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அறிவிப்புக்காரி, பின்னறைக் கதவுக்கு வெளியே போடவேண்டிய தாழ்ப்பாளைத் தானே எடுத்துவந்து கணவன் கையில் கொடுத்தாள். அந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குப் புரிந்துவிடக் கூடாது என்று தூக்கத்தில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அம்மா; கதவின் அடியில் விரல்களை நீட்டித் தொட்டுக்கொள்வார்கள். மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. அவள் பேசியபோது பயந்ததைவிட, பேசாமல் இருந்தபோது லிஃப்ட்காரன் அதிகம் பயந்தான்.

இதற்கிடையில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டே பழுதானது. லிஃப்ட்காரன் தரைத்தளத்துக் கதவைத் திறந்துவைத்து, கதவு திறந்திருந்தாலும் ஓடும்படி இணைப்பை மாற்றிவிட்டு, கூண்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கினான். மெயின் சுவிட்ச் பக்கத்தில் வாட்ச்மேனை நிறுத்தியிருந்தான். அந்த வாட்ச்மேனுக்கும் மொழி ஒட்டியிருந்தது. வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல் வராத இடத்தில் இருமிச் சமாளிப்பார். வேலை முடிந்ததென்று நினைத்து அவர் சுவிட்சைப் போட்டார். மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கூண்டு இறங்க ஆரம்பித்தது.

லிஃப்ட்காரன் பள்ளத்திலிருந்து, “நிறுத்துங்க, நிறுத்துங்கண்ணே” என்று கத்தினான். அன்று காலையில்தான் வாட்ச்மேனிடமிருந்து அந்தச் சொல் போயிருந்தது. கை சுவிட்சிலேயே இருக்க, லிஃப்ட்காரன் என்ன கேட்கிறான் என்று விளங்காமல் அவர் விழித்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் அப்பாவின் கத்தலைக் கேட்டு ஓடிவந்து, அவனிடம் இறங்கப் பள்ளத்துக்குள் ஒரு காலை விட்டாள். கூண்டின் அடிப்பாகம் கதவின் மேல்விளிம்புக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. தரைத்தளத்திலேயே இருந்த அவர்கள் வீட்டுப் பின்னறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் பார்த்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்த அறிவிப்புக்காரி, மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்து ஒரே ஒரு சொல்லைக் கத்தினாள். பஸ் நிலையம் முழுவதும் கேட்கிற குரல் அது.

வாட்ச்மேன் சுவிட்சை அணைத்தார். மகள் காலை வெளியே எடுத்து, இருந்த இடத்தில் சிலைபோல நின்றாள். குனிந்திருந்த லிஃப்ட்காரனின் பிடரிக்கு ஒரு சாண் மேலே கூண்டு நின்றது. கீழே கிரீஸ் வாடையில் உட்கார்ந்திருந்த அவனுக்கு, உயிர் பிழைத்தது உறைக்கும் முன்னால், மனைவி சொன்னது புரிந்துவிட்டது என்பது உறைத்தது. மகளுக்கும் புரிந்திருக்கிறது.

மேலே ஏறிவந்து அவன் முதலில் செய்த காரியம் தாழ்ப்பாளைக் கழற்றியது. அறிவிப்புக்காரி வெளியே வந்தவள் மகளைத் தொடாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டவள் போல இரண்டு கையாலும் வாயை மூடியிருந்தாள். மகள்தான் போய் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“சொல்லும்மா,” என்றாள். “எனக்குத் தெரியும்.”

மறுநாள் ‘நிறுத்து’ என்ற சொல் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் மற்றவை ஒன்றிரண்டாகப் போயின. செயலாளர் காது இரண்டையும் மெழுகால் அடைத்துக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோனார். அங்கே பல் பிடுங்கிய இரண்டு பேரிடம் வேறு இரண்டு மொழிகள் வந்திருந்ததாகக் கேள்வி. வந்த மொழியும் வந்தபடியே இருக்கவில்லை. அதில் லிஃப்டுக்கும் பஸ்ஸுக்கும் வாடகைக்கும் சொல் கிடையாது. இங்கிருந்து சொற்களை எடுத்து, அவற்றின் கடைசியில் தன் விகுதிகளை வால்போல ஒட்டிக்கொண்டது. ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வந்து, வலைக்கார அம்மாவுக்கு இதில் பாதி புரியாது என்று குறைப்பட்டுக்கொள்வார். மைக்குக்குத் திரும்பிய அறிவிப்புக்காரி ஒவ்வொரு பஸ்ஸையும் புதுமொழியில் சொன்னாள். பின்னாலேயே அவளுடைய பழைய பதிவு அதே ஊரைப் பழைய மொழியில் சொன்னது.

லிஃப்ட்காரனுக்குப் பயம் விட்டுப்போகவில்லை. அவன் எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக இருந்தான், ‘அப்பா’ ஒன்றைத் தவிர. மகளும் அது தெரிந்தவள்தான். அந்த மொழியில் தகப்பனை என்னவென்று சொல்வார்கள் என்று அவள் அம்மாவிடம் கேட்டதே இல்லை, அம்மாவும் சொன்னதில்லை. மகள் மேல்படிப்பில் சேர்ந்த ஆண்டு, ஒரு காலையில் அவன் கருவிப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்கு நடந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இரண்டே எழுத்து, அவன் ஒருநாளும் கேட்டிராத சொல். தெருவில் ஆண்கள் நிறையப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் திரும்பினான்.

மகள் ஓடிவந்து பையைக் கொடுத்தாள். அவன் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, “வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ,” என்றான். பாதிச் சொற்கள் இந்த மொழி, பாதி அந்த மொழி. அவள் போனாள்.