ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

ஜெயப்பிரியாவின் ஐந்து வருட ஆராய்ச்சி ஒரு சொட்டில் வந்து நின்றது. திருச்செங்கோட்டுக் கல்லூரியின் பயோடெக் ஆய்வகத்துக்கு வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் புதைந்து வந்த சொட்டு. மனிதப் புரதம்தான், ஆனால் எந்த மனிதரிடமும் எடுத்ததல்ல. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, வாய் பேசாத அந்த ஜீவனை வேலை வாங்கிச் செய்தது. ஆர்.என்.ஏ. இழையைக் கண்டால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. அவள் சொல்லும் இழையையும் அது பிடிக்கிறது என்று ஒரே ஒரு சோதனையில் காட்டிவிட்டால் கட்டுரை அச்சேறும், பட்டம் கிடைக்கும். ஆராய்ச்சிப் பத்திரிகை கொடுத்த கெடு மாதக் கடைசி. இழை வந்துசேர இன்னும் ஒரு வாரம். அதுவரை புரதம் மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்து கிடக்க வேண்டும்.

இடையில் ஆயுத பூஜை வந்தது.

தாளாளர் வீரபாகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பூமியைத் துளைத்துத் துளைத்தே கல்லூரி கட்டியவர். அவருடைய சட்டம் ஒன்றே: பூஜை போட்ட இயந்திரம் விஜயதசமி முடியும்வரை ஓடக்கூடாது. ஜெயப்பிரியாவுக்கு இது தெரியாததல்ல. சொந்த ஊரான இளம்பிள்ளையில் அவள் வீட்டு விசைத்தறிக்கும் அதே சட்டம்தான். ஆகவே ஊருக்குப் புறப்படும்முன் ஃப்ரீசர் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: 'அணைக்கக் கூடாது.' வாயால் யாரிடமும் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு எழுத்தின் மேல் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

வீட்டில் தறிக்குச் சந்தனம் வைத்து, சுவிட்சை அவளே பக்தியோடு அணைத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆய்வகம் முழுக்கப் பொரி வாசனை. ஃப்ரீசரின் நெற்றியில் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு. திரையில் எண் இல்லை. கதவைத் திறந்தாள். புரதம் இருந்த குப்பி வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணா, யாருண்ணா இதை ஆஃப் பண்ணுனது?"

ஆய்வக உதவியாளர் சின்னுசாமி பெருமையாக வந்தார். "நாந்தானுங்க சாமி. தொடச்சு, பொட்டு வெச்சு, எல்லாம் நாந்தான். பூசை நேரத்துல அலாரம் கீகீன்னு கத்துச்சுங்க. அதோட பேட்டரியவும் கழட்டிப்போட்டேன்."

"கதவுல எழுதி ஒட்டியிருந்தேனே!"

"அதுங்களா? எழுதுன காயிதத்தைக் குப்பையில போடலாமுங்களா? பொஸ்தகத்தோட சேத்தி சரஸ்வதி பாதத்துல வெச்சுட்டேன்." நாலாக மடித்த காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். குங்குமம் அப்பியிருந்தது. "வெச்சுக்கங்க சாமி. நல்லாப் படிப்பு வரும்."

திட்டத்தான் வாயெடுத்தாள். வீட்டுத் தறியின் சுவிட்ச் நினைவுக்கு வந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

விஷயம் கேள்விப்பட்டுத் தாளாளரே வந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தண்ணியாட்டத்தான இருக்குது. என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"செத்துப்போச்சுங்க சார்."

"செத்தா நாறோணுமில்ல?" மோந்து பார்த்தார். "நாறலையே. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்திருக்குது, அவ்வளவுதான். பூசைக்கு அப்பறம் என்ற ரிக்கு நூறடி கூடத்தான் போவுது. ஓட்டிப் பாரம்மா."

பக்கத்தில் நின்ற வழிகாட்டிப் பேராசிரியர் ஜெகதீஸ்வரன், இதுதான் தன் துறையின் அடிப்படை என்பதுபோலத் தலையாட்டினார்.

இழை வந்தது. ஓட்டிப் பார்த்தாள். புரதம் பிடித்த இழை ஜெல் என்ற கூழ்ப் பலகையில் மேலேயே தங்கிவிடும். பிடியில்லாதது அடிக்கு ஓடிவிடும். எல்லாம் அடியில் கிடந்தது.

"அப்பறமென்ன, பிடிக்காதுன்னு எழுதீரு," என்றார் ஜெகதீஸ்வரன். "நெகட்டிவ் ரிசல்ட்டும் ரிசல்ட்தான். கெடுவுக்குள்ள அனுப்பீரலாம்."

"உசுரோட இருந்து பிடிக்கலைன்னா எழுதலாமுங்க சார். செத்தது எதைங்க பிடிக்கும்?"

"அதை எப்புடி எழுதுவ? பூஜை போட்டு அணைச்சுட்டோம்னா? காலேஜ் மானம் போயிரும். நாஞ்சொன்னதை எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

'பிடிக்காது.' ஒரே ஒரு சொல். எழுதினால் பட்டம் கிடைக்கும். ஐந்து வருடமாக அவள் சொன்னது பொய் என்றும் ஆகும். சோதனைப் பதிவேட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். குப்பி எண் எழுதினாள். 'முடிவு' என்ற இடத்தில் அந்த 'அணைக்கக் கூடாது' காகிதத்தை, குங்குமத்தோடு, ஒட்டினாள்.

ஜெகதீஸ்வரன் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மாதக் கடைசி வந்தது, போனது. "இன்னொண்ணு வரவெச்சுக்கலாம், உடம்மா," என்று தாளாளர் மனதாரவே ஆறுதல் சொன்னார். ஃப்ரீசர் இப்போது ஒரு நிமிஷம்கூட நிற்காமல் மைனஸ் எண்பதில் ஓடுகிறது. உள்ளே ஒன்றுமில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சோடு ஜெயப்பிரியா அந்தப் பொட்டைத் துடைக்கப் போனாள்.

சின்னுசாமி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"ஐயோ, தொடைக்காதீங்க சாமி. அடுத்த பூசை வரைக்கும் அது அப்புடியே இருக்கோணுமுங்க."