குழாயடியில் ஒரு மூச்சு

திரையில் அந்தக் கோடு அப்படி ஏறக்கூடாது என்பது பார்த்தவுடனேயே கம்சாயினிக்குத் தெரிந்தது.

ஒஸ்லோவுக்கு வெளியே இருக்கும் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. தூர வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளின் பனிவெளியில் நிற்கும் ஒரு சிறு நிலையம் அனுப்பும் அளவுகளைத் தினமும் காலையில் பார்த்துச் சரி பிழை சொல்லவேண்டும். உறைந்த நிலத்துக்கு மேலே காற்றில் எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு மெத்தேன் என்று அங்குள்ள கருவி ஒரு குழாய் வழியாகக் காற்றை இழுத்து அளந்துகொண்டே இருக்கும். தெற்கிலிருந்து காற்று வீசி ஐரோப்பாவின் புகையைக் கொண்டுவந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். அன்று கரியமில வாயு மட்டும் துள்ளித் துள்ளி ஏறியிருந்தது. மெத்தேன் அசையவில்லை. ஈரம் சற்றுக் கூடியிருந்தது.

அது மனித மூச்சு. காற்று அடங்கிய நேரத்தில் யாரோ குழாயின் பக்கத்தில் வெகுநேரம் இருந்திருக்கிறார்கள்.

அங்கே அந்தக் கருவிக்குப் பொறுப்பு ஆதித்யா. கும்பகோணத்துக்காரன். அங்கே போகுமுன் இரண்டு வருடம் ஆய்வகத்தில் அவளுக்கு எதிர் மேசை. ‘கதைக்க வேணும்’ என்று அவள் தன் ஈழத் தமிழில் சொன்னால், “என்ன கதை, ராஜா ராணி கதையா?” என்று சிரிப்பான். அவன் ‘சூப்பரா இருக்கு’ என்றால் அவள் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வாள். ஆனால் வேலையில் அவனைப்போல் கவனமான ஆள் இல்லை. குழாய்ப் பக்கம் போகவேண்டியிருந்தால், காற்று எந்தத் திசை என்று பார்த்துச் சுற்றிக்கொண்டு போகிறவன்.

அந்தப் பகுதி கணக்கில் சேராதபடி ‘பாவிக்க முடியாதது’ என்று குறித்துவிட்டு அவள் மற்ற வேலைகளைப் பார்த்தாள். மறுநாளும் அதே துள்ளல். மூன்றாம் நாள் இன்னும் நீளமாக இருந்தது. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

“ஆதித்யா, குழாயடியில ஆரோ நிக்கினம் போல கிடக்கு. உங்களுக்குத் தெரியுமோ?”

மறுமுனையில் காற்றை இழுக்கும் பம்பின் இரைச்சல் கேட்டது.

“சாரி. லீக் இருக்கான்னு செக் பண்ணிட்டிருந்தேன்.”

“மூண்டு நாளுமோ?”

அவன் வால்வைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான்.

“நான் அளவுக்காகக் கேக்கேல்லை. நீங்கள் சுகமா இருக்கிறியளோ?”

“அம்மா போயிட்டாங்க,” என்றான் ஆதித்யா.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமை, தூக்கத்திலேயே. தம்பிதான் எல்லாம் செய்தான். ஆதித்யா வீடியோவில் பார்த்தான். வீட்டிலிருந்து உடலை எடுக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.

“இங்க ரூம்ல இருமினாக்கூடப் பக்கத்து ரூமுக்குக் கேக்கும். பம்ப் பக்கத்துல உக்காந்தா யாருக்கும் கேக்காது. டேட்டா கெட்டுப்போகும்னு தோணவே இல்ல.”

“அதை விடுங்கோ. ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“சொல்லி? மாத்து ஆள் வர இன்னும் ஒரு மாசம் ஆகும். மிஷினை யார் பாத்துப்பாங்க? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. இனிமே போய் என்ன பண்ணப்போறேன்.”

“அப்பா எப்பிடி இருக்கிறார்?”

“யார்கிட்டயும் பேசலயாம்.” குரல் உடைந்தது. “நான் போன் பண்ணா வாங்கிக் காதுல வச்சுக்கிறார். மூச்சு விடுறது மட்டும் கேக்குது.”

மாலையில் ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் அம்மாவின் வீட்டுக்குப் போனபோதும் அந்தக் குரல் அவளை விடவில்லை. அம்மா உதயகுமாரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தேவையில்லாமல் அடுப்பைத் துடைத்தாள்.

கம்சாயினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே குசினியில்தான் அம்மம்மா போய்விட்ட செய்தி வந்தது. ஊரில் சண்டை. அம்மா போக வழியில்லை. ரிசீவரைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் விடிய எழும்பி, பள்ளிக்கூடம் துடைக்கும் வேலைக்குப் போனாள். அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் பிறகு கதைத்ததில்லை.

“அந்தப் பிள்ளைக்குப் போக வழி இருக்கு என்ன?” என்று அம்மா கேட்டாள்.

“ஆராவது அங்கை போய் நிண்டால் இருக்கு.”

“ஆர் போறது?”

கம்சாயினி அவளைப் பார்த்தாள்.

“பனிக்கரடி திரியிற இடமல்லோ அது.”

“துவக்குச் சுடப் பயிற்சி எடுத்தனான் அம்மா. கோடையில போயும் வந்தனான்.”

அம்மா துணியைப் பிழிந்து காயப் போட்டாள். “அப்ப போ,” என்றாள். “நாளைக்கே கேள்.”

மறுநாள் தான் போவதாக அவள் கேட்டபோது, மேலதிகாரி எலியாஸுக்குச் செய்தியே புதிது. முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டான். பிறகு, “இருட்டுக் காலம் தொடங்குகிறது. நீ வரும்வரை வெயில் பார்க்கமாட்டாய்,” என்று நொர்வேஜிய மொழியில் சொன்னான். அவள் தெரியும் என்றாள். அவன் விமான நிறுவனத்துக்குத் தானே தொலைபேசி எடுத்தான்.

வெள்ளிக்கிழமை, ஸ்வால்பார்டின் விமான நிலையம் இருக்கும் ஊரான லொங்யேர்பீனில் அவளும் ஆதித்யாவும் சந்தித்தார்கள். அவளை ஏற்றிப்போக வந்த சிறிய விமானத்தில்தான் அவன் வந்திறங்கினான். தாடி வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வால்வு, வடிகட்டி, சனிக்கிழமை மாற்றவேண்டிய வாயு உருளை என்று அவன் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.

“நீங்க இதைச் செய்யணும்னு இல்ல,” என்றான் கடைசியில்.

“எனக்குத் தெரியும்.”

அவன் அவளுடைய கையுறை போட்ட கையைப் பிடித்தான். உடனே விடவில்லை. விமானி கையசைத்துக் கூப்பிட்ட பிறகுதான் விட்டான்.

நிலையத்தில் பையை வைத்தவள் முதலில் கருவியைப் பார்த்தாள். பிறகு நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பம்பைப் பார்த்தாள். குழாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஒரு பெட்டி. அவன் உட்கார்ந்த இடம். அவள் அதைத் தூக்கி, காற்றுப் படாத சுவரோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் அம்மா அழைத்தாள்.

“அந்தப் பிள்ளையைக் கண்டனான்.”

“எங்கை?”

“ஒஸ்லோ ஏர்போட்டிலதான். அடுத்த பிளைட்டுக்கு நேரம் கிடந்தது எண்டு நீதானே சொன்னனீ. இடியப்பமும் சொதியும் கொண்டுபோனனான்.”

அம்மா ரொம்சோஸிலிருந்து சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸும் ரயிலும் மாறி, முகம் தெரியாத ஒருவனைத் தேடிப் போயிருக்கிறாள்.

“எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“வாற ஆக்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான். முகத்தைப் பாக்கத் தெரியுதுதானே.”

“சாப்பிட்டவரோ?”

“முதல்ல வேண்டாமெண்டார். பிறகு முழுக்கச் சாப்பிட்டார். தன்ரை அம்மாவைப்பற்றிக் கதைச்சார். சின்னனில பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது, பாட்டுச் சொல்லிக் குடுத்தது எல்லாம். நானும் என்ரை அம்மாவைப்பற்றிச் சொன்னனான்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“நீ வா, சொல்லுறன். அது போனில சொல்ல ஏலாது. சொல்லக் கனக்கக் கிடக்கு.”