இடது புறங்கையில் ஒரு கீறல்

வியாழக்கிழமை நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அலையின் முகட்டில் த்ராட்டிலை முழுதாக அடைத்துவிட்டேன். படகு மூக்கால் குத்தியது. முழங்கால் வரை தண்ணீர். இடது புறங்கையில் கீறல், காரணம் தெரியவில்லை."

கடைசி வரியை மறுநாள் வரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்மேல் எனக்குள்ள கோபம் அதுதான்.

மாலை வகுப்பில் விரைவுப்படகு ஓட்டப் பழகுகிறேன். இரண்டு இருக்கை, நடுவில் த்ராட்டில் என்ற வேகப்பிடி. சின்னப் படகுதான், எஞ்சினுக்குத் திமிர் அதிகம். எதிர் அலையில் ஏறும்போது வேகம் கொடுக்க வேண்டும். முகட்டில் கால்வாசி மட்டும் குறைக்க வேண்டும். இறங்கியதும் மறுபடி கொடுக்க வேண்டும். அடியோடு குறைத்தால் மூக்கு தாழ்ந்து அடுத்த அலைக்குள் புகுந்துவிடும். இதை எத்தனையோ முறை எழுதிவைத்தவள் நான்.

பழகுகிறவர் பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் வந்தான். அன்று நனைந்து கரையேறியதும் வாத்தியார் கேட்டார்: "வேகத்த அறுத்தது யாரு?"

அண்ணன் சட்டையைப் பிழிந்துகொண்டே, "நோட்டுதான் சார். பயந்துட்டா," என்றான். நோட்டு என்பது அவன் எனக்கு வைத்த பெயர்.

வாத்தியார் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "சனிக்கிழமையும் இப்படின்னா ஞாயிறு தேர்வுக்குக் கையெழுத்துப் போட மாட்டேம்மா."

அந்தத் தேர்வு இல்லாமல் மீட்புப் படகு வேலை இல்லை. அடுத்தது ஒரு வருடம் கழித்து.

வெள்ளிக்கிழமை சமையலறையில் அண்ணியிடம் புலம்பினேன். தட்டுத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "நிஜமாவே நீதான் அடைச்சியா?" என்றார்.

"அண்ணன் அப்படித்தான் சொல்றான்."

"நான் உன்னைக் கேட்டேன்."

"தெரியல அண்ணி."

"உங்கண்ணன் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாரே, ஞாபகம் இருக்கா? திருப்பத்துக்குத் திருப்பம் ஹேண்ட் பிரேக்க இழுப்பாரு. வண்டி குலுங்கி நிக்கும். 'பாத்தியா, உனக்கு வராது'ன்னுவாரு. மூணாம் நாள் சாவியக் கொடுத்துட்டேன். இன்னைக்கும் பஸ்தான்."

அண்ணன் குளிக்கப் போனபோது அவன் கைக்கடிகாரத்தை எடுத்தேன். பட்டைக் கொக்கி ஒரு பக்கம் உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது. கீறல்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அப்போதும் முழு நிச்சயம் வரவில்லை. என் சுபாவம் அப்படி. கடிகாரத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சனிக்கிழமை காற்று பலமாக இருந்தது. வாத்தியார் அலைத்தடுப்புச் சுவர்மேல் நின்றார். சிவப்புச் சுருள் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டேன். ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்தும். சுவருக்கு உள்ளேயே, முதல் சின்ன அலை தூக்கியபோது, பக்கத்திலிருந்து ஒரு கை என் கையை நோக்கி வந்தது.

அது த்ராட்டிலைத் தொடுவதற்குள் கயிற்றை நானே பிடுங்கினேன். எஞ்சின் நின்றது.

"பைத்தியமா உனக்கு?" என்று அண்ணன் கத்தினான்.

புறங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "வியாழக்கிழமை இதச் செஞ்சது யாரு?"

படகு ஆடியது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், கீறலைப் பார்த்தான். "உன்னக் காப்பாத்தத்தான்டி."

"காப்பாத்துனத வாத்தியார்கிட்ட ஏன் சொல்லல? பயந்துட்டான்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"சின்ன விஷயம். விடு."

"கை ரெண்டையும் தொடைக்கு அடியில வை. வெளிய வந்துச்சுன்னா மறுபடி பிடுங்குவேன். நாள் முழுக்க இங்கயே ஆடிட்டிருப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே கைகள்மேல் உட்கார்ந்தான். கயிற்றை மறுபடி மாட்டி, எஞ்சினைக் கிளப்பிச் சுவரைத் தாண்டினேன். ஏறு, கால்வாசி குறை, கொடு. முதல் இரண்டு அலைகளில் தாமதமாகக் கொடுத்தேன். முதுகெலும்பு வரை அடி இறங்கியது. மூன்றாவதில் கை சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை. பல்லைக் கடித்தபடியே போய்த் திரும்பினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

வாத்தியார் படித்துறைக்கு இறங்கி வந்தார். "ஏம்ப்பா கைமேலயே உக்காந்திருந்தே?"

"குளிருச்சு சார்," என்றான் அண்ணன்.

இந்த வாய்ப்பைக்கூட அவன் வீணாக்கினான். "இல்ல சார். வியாழக்கிழமை வேகத்த அறுத்தது அண்ணன் கை. இன்னைக்கும் அறுக்கப் பாத்தான்." நோட்டைப் பிரித்து வைத்து, பக்கத்தில் என் கையையும் வைத்தேன். வாத்தியார் இரண்டையும் பார்த்தார். பிறகு அண்ணனின் கடிகாரத்தைப் பார்த்தார். அவன் அதைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது. பழைய வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"குடும்ப விஷயத்த ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று அண்ணன் வீடு வரை வழியெல்லாம் பொருமினான். நான் முன்னால் நடந்தேன்.

அண்ணி கதவைத் திறந்தார். "என்னாச்சு?"

"கையெழுத்து ஆயிடுச்சு அண்ணி."

அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"கார் சாவி."