கூப்பிடாமல் வந்த ஜெனி டீச்சர்

குரோம்பேட்டைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்த ஜெனி டீச்சர், அடுத்த நிமிடம் கையில் சாக்பீஸோடு பீர்க்கன்கரணையில் தன் வீட்டுக் கூடத்தில் நின்றார். மகள் ஈவ்லினுக்கு அம்மா வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூன்று வயது முடிந்தும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வேண்டியதெல்லாம் தானாக வந்தது. பால் தம்ளர் அடுப்படியிலிருந்து நகர்ந்து வரும். அம்மா ஜிஎஸ்டி ரோட்டுக்கு மேலே பறந்து வருவார். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு மழைக்காலம் வரை எட்டிப் பார்த்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். தலைமையாசிரியை மட்டும் விடாமல் ஜெனியின் கணக்கில் அரைநாள் லீவு குறித்துக்கொண்டே வந்தார்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அங்காளம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "இம்மாம் சக்தி கீது, பேச்சு இன்னாத்துக்கு டீச்சர்?" என்பாள். சர்ச்சில் ஜெனி இதைக் கர்த்தர் செய்த அற்புதம் என்று சாட்சியாகவே சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். குழந்தை ஏன் வாயால் கூப்பிடுவதில்லை என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே, ஊகூம்.

சண்டே ஸ்கூலில் ஒருநாள் பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்கா கேட்ட படத்தையெல்லாம் ஈவ்லின் சரியாக எடுத்துக் கொடுத்தாள். ஒரு படத்தின் பெயரைச் சொல்லச் சொன்னதும் உதடு துடித்தது. "அது... அது" என்பதைத் தாண்டவில்லை. கண் நிறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஜெனிக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை பேசத்தான் பார்க்கிறாள், முடியவில்லை.

தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் மிருதுளா சோதித்துப் பார்த்தார். "காது நல்லா கேக்குது, சொல்றதெல்லாம் புரியுது. சொல்ல நினைக்கிற வார்த்தைதான் வெளிய வரமாட்டேங்குது. பிடிவாதம் இல்ல மேடம். பயிற்சி குடுத்தா வரும். தம்ளர் நகர்ந்து வந்தா பிடிச்சுக்குங்க. பாலா, தண்ணியான்னு கேட்டுட்டு கொஞ்சம் காத்திருங்க. சொல்லலைன்னாலும் நீங்களே பேரைச் சொல்லிக் குடுத்துடுங்க."

அங்காளம்மாள் தம்ளரை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் "பா" வருவதற்குள் ஒரு வெயில்காலமே போய்விட்டது. ஜெனியும் பறந்துவிடாமலிருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தப் பழகினார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. "புள்ள இன்னாவோ சொல்லணும்னுது டீச்சர், கேளு," என்றாள் அங்காளம்மாள். மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "மா... வா."

ஜெனி பழக்கத்தில் கம்பியைப் பிடித்தார். கால் தரையிலேயே இருந்தது. அழுதுகொண்டே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்துபோய், பெருங்களத்தூர் வரை மின்சார ரயிலில் கூட்டத்தோடு நின்றுகொண்டே போனார். வீடு சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஈவ்லின் கேட்டைப் பிடித்துக்கொண்டு அதுவரை காத்திருந்தாள்.

ஈவ்லினுக்குக் காய்ச்சல் அடிக்கும் நாட்களில் மட்டும் ஜெனி இன்னமும் பறந்துதான் போகிறார். அதற்குத் தலைமையாசிரியை லீவு குறிப்பதில்லை.